பின்தொடைத் தசைக் காயம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜனவரி பிறந்து பாடசாலைகளில் இல்ல மெய்வல்லுநர் போட்டிகள் தொடங்கினால் எனக்கு அழைப்புகள் கூடிவிடும். "200 மீற்றர் வளைவில நல்லா வந்துகொண்டிருந்தவன், சடாரென்று தொடையைப் பிடிச்சுக்கொண்டு நின்றிட்டான்." அம்மா சொன்னாலும் பயிற்றுவிப்பாளர் சொன்னாலும் கதை இதுதான். நான் கொழும்பில் இயன்மருத்துவராக (பிசியோ) வேலை செய்கிறேன். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, தெஹிவளைப் பக்கங்களிலிருந்து வரும் பிள்ளைகளும், ஞாயிறு காலையில் உதைபந்தாடிவிட்டுத் திங்கட்கிழமை நொண்டிக்கொண்டு அலுவலகம் போகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பதை இங்கே எழுதிவைக்கிறேன். இது பொதுவான விளக்கம். உங்கள் காலை ஒருவர் தொட்டுப் பார்த்துச் சொல்வதற்கு இது ஈடாகாது.

"நரம்பு இழுத்துவிட்டது" என்கிறார்கள். உண்மையில் என்ன நடந்திருக்கிறது?

பெரும்பாலும் நரம்புக்கு ஒன்றும் இல்லை. கிழிந்தது தசை. ஒரு கதிரையில் உட்கார்ந்து, குதிகாலைத் தரையில் அழுத்திப் பின்பக்கமாக இழுங்கள். முழங்காலுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் கயிறுபோல இறுகி நிற்பதைக் கையால் தொட்டுப் பார்க்கலாம். அவை ஹாம்ஸ்ட்ரிங் எனப்படும் பின்தொடைத் தசைகளை எலும்போடு இணைக்கும் நாண்கள். வெளிப்பக்கக் கயிறு ஒரு தசைக்கு உரியது, உட்பக்கத்தில் இருப்பவை இன்னும் இரண்டுக்கு. மூன்றும் மேலே, நாம் உட்காரும்போது கதிரையில் படும் எலும்பிலிருந்து புறப்படுகின்றன. வெளிப்பக்கத் தசைக்கு மட்டும் தொடை எலும்பிலிருந்து வரும் இன்னொரு சிறிய தலை (தசை தொடங்கும் பிரிவு) உண்டு. இடுப்பு, முழங்கால் என்று இரண்டு மூட்டுகளைத் தாண்டி ஓடுவதால் இரண்டு பக்கத்து இழுவையையும் இவையே தாங்க வேண்டியிருக்கிறது.

வேகமாக ஓடும்போது கால் முன்னால் வீசப்பட்டு, நிலத்தைத் தொடுவதற்குச் சற்று முன் முழங்கால் நீள்கிறதல்லவா, அந்தக் கணத்தில் பின்தொடைத் தசை நீண்டுகொண்டே காலுக்குப் பிரேக் பிடிக்கிறது. ஓட்டத்தில் வரும் காயம் பெரும்பாலும் அங்கேதான் நடக்கிறது, அதுவும் வெளிப்பக்கத் தசையின் நீண்ட தலையில். 2017 ஆகஸ்டில் லண்டன் உலக சம்பியன்ஷிப்பில் உசைன் போல்ட் தன் கடைசி ஓட்டமான 4x100 அஞ்சல் ஓட்டத்தில் விழுந்ததை நினைத்துப் பாருங்கள். அவருக்கு இடது பின்தொடை.

இன்னொரு வகையும் உண்டு. உயர உதைக்கும்போதும், நடனத்தில் காலை அகல விரிக்கும்போதும், வழுக்கி ஒரு கால் முன்னால் போகும்போதும் வருவது. இது உட்பக்கத் தசையில், உட்காரும் எலும்புக்குக் கிட்ட நடக்கும். முதல் நாளில் பெரிதாக நோகாது, நடந்தும் போய்விடுவார்கள். ஆனால் ஆறுவதற்கு முதல் வகையைவிடக் கூடக் காலம் எடுக்கும். பரதநாட்டியம் ஆடும் பிள்ளைகள் "சின்ன இழுவைதான்" என்று மாதக்கணக்கில் இழுபடுவது இதனால்.

எத்தனை நாளில் திரும்ப ஓடலாம்?

எல்லோரும் முதலில் கேட்பது இது. நாள் கணக்காக ஒரு பதில் என்னால் தர முடியாது, தருகிறவரையும் அப்படியே நம்பாதீர்கள்.

காயம் எங்கே இருக்கிறது என்பது முக்கியம். பிரித்தானிய மெய்வல்லுநர் அணியின் வைத்தியர்கள் 2014இல் வெளியிட்ட தர அளவுகோலில் 0 முதல் 4 வரை எண் இருக்கிறது. அதோடு காயம் தசையின் உறைப் பக்கத்திலா, தசையும் நாணும் சேருமிடத்திலா, நாணுக்கு உள்ளேயா என்று ஓர் எழுத்தும் சேர்க்கப்படும். நாணுக்குள் போன கிழிவு எண்ணில் சிறிதாக இருந்தாலும் நாள் எடுக்கும், திரும்பவும் வரும். "கிரேட் 1 தானாம், பிரச்சினை இல்லை" என்று கேட்டவுடன் ஆறுதல் அடைந்துவிடாதீர்கள்.

எந்தப் பயிற்சி செய்கிறீர்கள் என்பதும் நாளை மாற்றும். சுவீடனில் 75 உயர்மட்ட உதைபந்தாட்ட வீரர்களை இரண்டாகப் பிரித்து ஒரு சோதனை செய்தார்கள், 2013இல் வெளியானது. ஒரு பகுதியினருக்கு வழக்கமான பயிற்சி, மற்றவர்களுக்குத் தசையை நீட்டிய நிலையில் சுமை கொடுக்கும் பயிற்சி. வழக்கமான பக்கம் திரும்ப ஆட சராசரியாக 51 நாள் எடுத்தது, நீட்டிச் சுமை கொடுத்த பக்கம் 28 நாள். ஓட்டக்காரர்களையும் பாய்தல் வீரர்களையும் வைத்து அடுத்த ஆண்டு செய்தபோது அது 86 நாளும் 49 நாளுமாக இருந்தது. இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: முழு வேகத்தில் ஓடுவதே தொழிலாக உள்ளவர்களுக்கு, நல்ல பயிற்சியோடும் ஏழு கிழமை. பாடசாலைப் பிள்ளையிடம் "ரெண்டு கிழமையில வந்திடு" என்று சொல்லும் பயிற்றுவிப்பாளர்கள் இந்த எண்ணை ஒருமுறை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

எம்.ஆர்.ஐ ஸ்கேன் கட்டாயமா?

பெரும்பாலானவர்களுக்குத் தேவையில்லை. காயம் பட்ட விதம், தொட்டால் நோகும் இடத்தின் நீளம், அது உட்காரும் எலும்புக்கு எவ்வளவு கிட்ட இருக்கிறது, எத்தனை நாளில் நோகாமல் நடக்கிறார் என்பவையே நிறையச் சொல்லிவிடும். தேசிய மட்ட வீரருக்கு எடுப்பார்கள், அது நியாயம். 2024 ஆகஸ்டில் ஆர். பிரேமதாச மைதானத்தில் இந்தியாவுக்கு எதிரான முதல் ஒருநாள் போட்டியில் வனிந்து ஹசரங்கவின் இடது பின்தொடையில் காயம் பட்டபோது ஸ்கேன் பார்த்துத்தான் மீதிப் போட்டிகளிலிருந்து அவரை விலக்கினார்கள். மற்றவர்களுக்கு, எலும்போடு ஒட்டிய நாண் பிய்ந்திருக்குமோ என்ற சந்தேகம் வந்தால் தாமதிக்காமல் எடுக்க வேண்டும். அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

குணமாகிவிட்டதா என்று பார்க்க ஸ்கேன் எடுப்பதில் பயன் இல்லை. விளையாடத் திரும்பிய 53 பேரை ஸ்கேன் செய்து பார்த்தபோது 89 சதவீதமானவர்களில் இன்னும் காயத்தின் அடையாளம் தெரிந்தது. அந்தக் காசைப் பயிற்சிக்குச் செலவழியுங்கள்.

முதல் இரண்டு மூன்று நாள் என்ன செய்வது?

ஓட்டத்தை அந்த இடத்திலேயே நிறுத்துங்கள், "இன்னும் 50 மீற்றர்தானே" என்று முடிக்கப் பார்க்காதீர்கள். தொடையைச் சுற்றி எலாஸ்டிக் பண்டேஜ் போடலாம், கால்விரல் மரத்துப்போகாத அளவு இறுக்கத்தில். நோவு குறைய ஐஸை ஒரு துணியில் சுற்றி 10, 15 நிமிடம் வைக்கலாம். ஐஸ் நோவைத்தான் குறைக்கும், தசையைக் கெதியாக ஆற்றும் என்று எதிர்பார்க்க வேண்டாம். நொண்டினால் ஊன்றுகோல் எடுங்கள், வெட்கப்பட ஒன்றும் இல்லை. சின்ன அடி வைத்து நடந்தால் நோவு குறைவாக இருக்கும்.

செய்யக்கூடாதவை இரண்டு. வீட்டில் அம்மம்மாவோ மாமாவோ சித்தாலேப போட்டு அழுத்தி உருவிவிட வருவார்கள். அன்பு புரிகிறது, ஆனால் முதல் சில நாள் கிழிந்த இடத்தை அழுத்தி உருவினால் உள்ளே இரத்தக்கசிவு கூடும். மேலால் மெதுவாகத் தடவினால் பாதகமில்லை. இரண்டாவது, குனிந்து கால்விரலைத் தொட்டு "இழுத்துவிடுவது". இறுக்கமாகத் தோன்றுவது தசை தன்னைக் காப்பாற்றிக்கொள்வதால். அதை வலிந்து இழுத்தால் கிழிவு நீளும்.

மாத்திரை விடயத்தில் கொழும்பில் இருப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. நோவுக்காக இபுபுரோபன், டிக்ளோபெனாக் குளிசைகளைக் கேட்காமல் வாங்கிப் போடுகிறோம். காய்ச்சலும் சேர்ந்து இருந்தால் அதைத் தொடவே வேண்டாம். இங்கே டெங்கு எப்போதும் உண்டு, டெங்குவில் இந்தக் குளிசைகள் இரத்தப்போக்கை வரவழைக்கும். பனடோல் போதும், அதுவும் அளவோடு. காய்ச்சலுக்கு வைத்தியரைப் பாருங்கள்.

எப்போது பயிற்சி தொடங்கலாம்? முழு ஓய்வு வேண்டாமா?

முழு ஓய்வு வேண்டாம். டென்மார்க்கில் 50 பொழுதுபோக்கு வீரர்களை வைத்து நடந்த சோதனை 2017இல் வெளியானது. ஒரு குழு காயம் பட்ட இரண்டாம் நாளே பயிற்சி தொடங்கியது, மற்றது ஒன்பதாம் நாள். வித்தியாசம் ஒரு கிழமைதான். ஆனால் விளையாட்டுக்குத் திரும்பியதில் வித்தியாசம் மூன்று கிழமை: முன்னே தொடங்கியவர்கள் ஏறத்தாழ 62 நாளில், பின்னே தொடங்கியவர்கள் 83 நாளில். கட்டிலில் கிடந்த அந்த முதல் கிழமையைப் பின்னால் வட்டியோடு கட்டவேண்டி வருகிறது.

இரண்டாம் மூன்றாம் நாளில் பெரிய வேலை ஒன்றும் இல்லை. மல்லாக்கப் படுத்து, முழங்காலைச் சற்று மடித்து, குதிகாலை மெத்தையில் மெதுவாக அழுத்திப் பத்து விநாடி பிடியுங்கள். விடுங்கள், திரும்பச் செய்யுங்கள். வீட்டுக்குள் நடவுங்கள். சில நாளில் இரண்டு காலையும் ஊன்றி இடுப்பைத் தூக்குவது, பிறகு ஒற்றைக் காலில் தூக்குவது என்று ஏறலாம்.

பயிற்சியின்போது நோகிறது. நிறுத்திவிடவா?

நோவை 0 முதல் 10 வரை அளந்து பாருங்கள். முன்பு "துளியும் நோகக்கூடாது" என்போம். 2020இல் வந்த ஓர் ஆய்வில் ஒரு குழுவை 4 வரையான நோவோடு பயிற்சி செய்ய விட்டார்கள். அவர்கள் திரும்பிய நாளில் பெரிய மாற்றம் இல்லை, ஆனால் தசையின் பலம் கூடுதலாகத் திரும்பியிருந்தது. நான் சொல்வது இது: 3, 4 வரை இருக்கலாம், பயிற்சி முடிந்ததும் தணிய வேண்டும், மறுநாள் காலை எழும்பும்போது நேற்றையைவிட மோசமாக இருக்கக்கூடாது. கூரான, குத்தும் நோவு என்றால் அளவு பார்க்காமல் நிறுத்துங்கள்.

வீட்டில் என்ன பயிற்சி செய்வது?

மேலே சொன்ன சுவீடன் சோதனையில் மூன்றே பயிற்சிகள்தான், எந்தக் கருவியும் வேண்டாம். ஒரு ஃபிளாட்டின் வரவேற்பறை போதும். ஆனால் முதல் தடவை ஒரு பிசியோவின் முன்னால் செய்து காட்டுங்கள்.

முதலாவது நீட்டல். மல்லாக்கப் படுத்து, காயம் பட்ட காலின் தொடையை இரண்டு கையாலும் பிடித்துச் செங்குத்தாக நிறுத்துங்கள். அங்கிருந்து முழங்காலை மெல்ல நீட்டுங்கள், நோவு தொடங்குவதற்குச் சற்று முன்னால் நிற்பாட்டி மடியுங்கள். 12 தடவை, 3 சுற்று, ஒவ்வொரு நாளும் காலையும் மாலையும்.

இரண்டாவது, நீருக்குள் குதிக்கப் போகிறவர்போலச் சாய்வது. காயம் பட்ட காலில் நின்று, முழங்காலைச் சற்று மடித்து, உடம்பை முன்னால் சாய்த்துக் கைகளை முன்னே நீட்டுங்கள். மற்றக் கால் பின்னால் போகட்டும். இடுப்பு ஒரு பக்கம் திரும்பக்கூடாது. 6 தடவை, 3 சுற்று, ஒன்றுவிட்ட ஒரு நாள்.

மூன்றாவதுதான் உண்மையான வேலை. டைல்ஸ் தரையில், காயம் இல்லாத காலில் மட்டும் சொக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். காயம் பட்ட கால் வெறுங்காலாக முன்னால், முழங்கால் சற்றே மடிந்து, பாரம் முழுக்கக் குதிகாலில். ஒரு கை கதிரையையோ மேசையையோ பிடித்திருக்கட்டும். சொக்ஸ் போட்ட கால் பின்னால் வழுக்கிப் போகப் போக, முன்காலின் பின்தொடை நீண்டுகொண்டே உங்களைத் தாங்கும். நோவுக்கு முன் நிறுத்தி, கைகளால் ஊன்றி எழும்புங்கள். காலால் தம் பிடித்து எழும்பப் பார்க்க வேண்டாம். 4 தடவை, 3 சுற்று, மூன்று நாளுக்கு ஒருமுறை மட்டும். "இவ்வளவுதானா?" என்று எல்லோரும் கேட்பார்கள். முதல் நாள் ஒரு பிள்ளை இதைச் செய்தபோது அவனுடைய முன்கால் தொடை தையல் மெஷின்போல நடுங்கியது. பக்கத்தில் நின்ற அம்மா பயந்து அவன் தோளைப் பிடித்துவிட்டார். அந்த நடுக்கம் கெட்டதல்ல. நீண்ட நிலையில் வேலை செய்ய அந்தத் தசை மறந்துபோயிருந்தது, அவ்வளவுதான். இரண்டாம் கிழமை முடியும்போது நடுக்கம் போய்விட்டது, கால் வழுக்கும் தூரம் ஒரு டைலால் கூடியிருந்தது. இப்போதும் நான் பலருக்கு டைலை எண்ணித்தான் முன்னேற்றத்தை அளக்கச் சொல்கிறேன்.

பி.ஆர்.பி ஊசி போட்டால் கெதியாகக் குணமாகுமாமே?

உங்கள் இரத்தத்தை எடுத்துச் சுழற்றி, தட்டணுக்கள் செறிந்த பகுதியைத் திரும்பக் காயத்தில் ஏற்றுவது அது. விலை கூடியது. நெதர்லாந்தில் 80 பேரில் பாதிப்பேருக்கு இதையும் பாதிப்பேருக்கு வெறும் உப்புநீரையும் ஏற்றிப் பார்த்தார்கள், 2014இல் முடிவு வந்தது. இரண்டு பக்கமும் திரும்ப விளையாட 42 நாள். நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை.

ஸ்டீரொய்ட் ஊசி பற்றியும் கேட்கிறார்கள். தசைக்குள் அதைப் போட்டு ஓடுவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். ஊக்கமருந்துத் தடை விதிகளின்படி 2022 ஜனவரி முதல் போட்டிக் காலத்தில் எல்லா வகையான ஸ்டீரொய்ட் ஊசிகளும் தடை செய்யப்பட்டிருக்கின்றன. தேசிய மட்டத்தில் ஓடும் பிள்ளைகளின் பெற்றோர் எந்த ஊசிக்கும் முன் வைத்தியரிடம் இதைக் கேட்டே ஆக வேண்டும்.

ஓட்டத்தை எப்படித் தொடங்குவது? எங்கே ஓடுவது?

20 நிமிடம் நொண்டாமல், நோகாமல் வேகமாக நடக்க முடிந்தால் மெதுவோட்டம் தொடங்கலாம். சுதந்திர சதுக்கத்து நடைபாதை இதற்கு நல்ல இடம், தரை சமமானது, நிழலும் உண்டு. காலி முகத்திடல் பரவாயில்லை, ஆனால் மாலைக் கூட்டத்தில் திடீரென்று விலக வேண்டிவரும். வெள்ளவத்தைக் கடற்கரை மணலை ஆரம்பத்தில் தவிர்த்துவிடுங்கள். மணல் புதையும், ஒரு பக்கம் சரியும், ஒவ்வொரு அடிக்கும் பின்தொடை கூடுதலாக உழைக்கும். காலையில் ஆறு மணிக்கே போய்விடுங்கள். கொழும்பு வெக்கையில் களைத்துப்போன தசைக்குப் பாரம் ஏற்றக்கூடாது.

மெதுவோட்டம் சரியாகிவிட்டால் புல்தரையில் 60 மீற்றர் அளந்துகொள்ளுங்கள். முதல் 20 மீற்றரில் மெதுவாக வேகம் எடுத்து, நடு 20 மீற்றரில் அதைப் பிடித்து, கடைசி 20 மீற்றரில் மெதுவாக இறக்குங்கள். பாதி வேகத்தில் தொடங்கி, ஒன்றுவிட்ட ஒரு நாள் ஓடி, நோகாவிட்டால் ஒரு படி ஏற்றுங்கள். திடீரென்று நிற்பாட்டுவதுதான் பின்தொடையைப் பிடித்து இழுக்கும், ஆகவே இறக்கும் தூரத்தைக் கடைசியிலேயே குறைக்க வேண்டும்.

70, 80 சதவீதம் வரை அனேகமாக எல்லோரும் சுகமாக வந்துவிடுவார்கள். அங்கே ஏமாறுகிறோம். 80இலிருந்து 100க்குப் போகும்போது வேகம் கொஞ்சம்தான் கூடுகிறது, ஆனால் பின்தொடை நீண்டுகொண்டே தாங்க வேண்டிய சுமை செங்குத்தாக ஏறுகிறது. 80இல் நோகவில்லை என்பதை வைத்து 100 தாங்கும் என்று சொல்ல முடியாது. 85, 90, 95 என்று ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று தடவையாவது ஓடிப் பார்க்க வேண்டும். நேர்ப்பாதையில் முழு வேகம் வந்த பிறகே வளைவு, அதற்குப் பிறகு ஸ்பைக்ஸ் சப்பாத்து. அஞ்சல் ஓட்டக்காரர் அஞ்சல் கோலை வாங்க உடம்பைத் திருப்பிக் கையைப் பின்னே நீட்டியபடி வேகம் எடுப்பதையும், உதைபந்தாட்டக்காரர் நீண்ட உதையையும் தனியாகப் பழக வேண்டும்.

மகனுக்கு நோவே இல்லை. ஏன் இன்னும் போட்டிக்கு விடமாட்டேன் என்கிறீர்கள்?

ஏனென்றால் நான் அப்படித்தான் இரண்டாம் தடவை கிழித்துக்கொண்டேன். எனக்கு அப்போது 17 வயது. 100 மீற்றரில் கிழிந்தது, பதினேழாம் நாள் நோவு முழுதாகப் போய்விட்டது. மாடிப்படி ஓடி ஏறினேன், ஒன்றும் இல்லை. அஞ்சல் ஓட்டத்தில் ஆள் குறைகிறது என்றார்கள், ஓடினேன். கோல் கையில் வந்து பத்தாவது அடியில் அதே இடத்தில், முன்பைவிடப் பெரிதாகக் கிழிந்தது. அந்த ஆண்டு முழுவதும் போய்விட்டது, அடுத்த ஆண்டு ஏ.எல். பரீட்சை. அதோடு என் ஓட்டமும் முடிந்தது. யாரையும் குறை சொல்லவில்லை. அன்று எங்கள் மைதானத்தில் நின்ற ஒருவருக்கும் "நோவு போவதும் தசை ஆறுவதும் வேறு வேறு" என்று தெரிந்திருக்கவில்லை.

திரும்பக் கிழிவதில் பெரும்பகுதி விளையாடத் திரும்பிய முதல் சில கிழமைகளிலேயே, அதே இடத்தில் நடக்கிறது. அதனால் நான் பார்ப்பவை இவை. அழுத்தினால் நோகும் இடம் இருக்கக்கூடாது. மல்லாக்கப் படுத்துத் தொடையை நிமிர்த்தி முழங்காலை நீட்டினால் இரண்டு காலும் ஒரே அளவு நீள வேண்டும். பலத்தில் மற்றக் காலோடு 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது. முழு வேக ஓட்டங்களைக் களைத்த நிலையிலும் திரும்பத் திரும்ப ஓட வேண்டும். கடைசியாக, முழங்காலை நீட்டிக் கட்டிவிட்டு, படுத்தபடி நேரான காலை எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகமாக மேலே வீசச் சொல்வேன். இதுவும் அந்தச் சுவீடன் ஆய்வாளர்களிடமிருந்து வந்த சோதனை. நோகாமலே இருக்கலாம், ஆனால் வீசும்போது முகத்தில் ஒரு தயக்கம் வரும், கால் பாதியில் மெதுவாகும். அந்தத் தயக்கம் தெரிந்தால் நான் விடுவதில்லை. இதை முதல் நாள்களில் வீட்டில் முயற்சி செய்யாதீர்கள், மற்ற எல்லாம் தேறிய பிறகே இதற்கு முறை.

இதற்கும் மேல், போட்டிக்கு முன் அணியோடு சில முழுப் பயிற்சிகள். ஒரு பிக் மெட்ச் தவறினால் மனம் உடையும், எனக்குத் தெரியும். ஆனாலும் விடமாட்டேன்.

மகளுக்கு 14 வயது. ஓடும்போது பிட்டத்துக்குக் கீழே "டக்" என்று சத்தம் கேட்டதாம்.

இன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள், எக்ஸ்ரே எடுக்க வேண்டும். வளரும் வயதில் தசையைவிட எலும்பின் வளர்ச்சித் தட்டு பலவீனமானது. பெரியவருக்குத் தசை கிழியும் இழுவையில் பிள்ளைக்கு உட்காரும் எலும்பின் ஒரு துண்டு பெயர்ந்துவிடலாம். இதைத் தசைப்பிடிப்பு என்று நினைத்து உருவியும் இழுத்தும் பல கிழமை கழித்துக் கொண்டுவருகிறார்கள். 13 முதல் 17 வயதுவரை பிட்டத்தின் அடியில் திடீர் நோவு வந்தால் அதை எக்ஸ்ரே பார்க்காமல் விடாதீர்கள்.

பெரியவர்களுக்கு எப்போது அவசரம்?

துப்பாக்கி வெடித்ததுபோல உணர்ந்து விழுந்தால், சில நாளில் தொடை முழுக்கக் கறுத்து முழங்கால்வரை நீலம் பாய்ந்தால், உட்கார முடியாமல் போனால், முழங்காலை மடிக்கப் பலமே இல்லாவிட்டால் நாண் எலும்பிலிருந்து பிய்ந்திருக்கலாம். சிலருக்குச் சத்திரசிகிச்சை தேவைப்படும். அது முதல் இரண்டு மூன்று கிழமைக்குள் என்றால் சுலபம், மாதங்கள் போனால் நாண் சுருங்கி ஒட்டிவிடும். கெண்டைக்கால் வீங்கிச் சூடாகி நோவெடுத்தால், மூச்சுத் திணறினால் அது இரத்தக் கட்டியாக இருக்கலாம், நேரே அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

காயம் பட்ட ஒரு கணமே நினைவில் இல்லாமல், முதுகோடு சேர்ந்து தொடையின் பின்பக்கம் இழுத்து, கால் விறைக்கிறது என்றால் அது முதுகிலிருந்து வரலாம். அதற்கு வைத்தியம் வேறு.

100ஆம் இலக்க பஸ்ஸில் ஒரு மணிநேரம் போய் வர வேண்டும், அலுவலகத்திலும் இருந்தபடி வேலை. பாதிக்குமா?

உட்காரும் எலும்புக்குக் கிட்டக் காயம் என்றால் நோகும், மற்றவர்களுக்கு அவ்வளவு இல்லை. கதிரை விளிம்பு தொடையை அழுத்தாமல் ஒரு துவாயை மடித்துப் போடுங்கள், அரை மணிக்கு ஒருமுறை எழும்புங்கள். ஓடிப்போய் பஸ் ஏறாதீர்கள்! மாதக்கணக்கான வேலையை அந்த ஐந்து அடி கெடுத்ததைப் பார்த்திருக்கிறேன்.

சாப்பாட்டில் ஏதாவது?

புரதம் குறையாமல் பாருங்கள். மீன், முட்டை, பருப்பு, கடலை, தயிர் போதும். வடிவாக நித்திரை கொள்ளுங்கள். சப்பிளிமெண்ட் டப்பாக்கள் தேவையில்லை.

திரும்ப வராமல் இருக்க என்ன செய்வது? ஸ்ட்ரெச்சிங் போதுமா?

ஸ்ட்ரெச்சிங் மட்டும் போதாது. இதுவரை நன்றாக நிரூபிக்கப்பட்டது நோர்டிக் பயிற்சி. பாயில் முழங்காலிட்டு நில்லுங்கள், அண்ணனோ தங்கையோ கணுக்கால் இரண்டையும் அழுத்திப் பிடிக்கட்டும். தலையிலிருந்து முழங்கால்வரை ஒரே பலகைபோல வைத்துக்கொண்டு முன்னால் மெல்லச் சாயுங்கள். எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக. தாங்காத இடத்தில் கைகளால் தரையைப் பிடித்து, தள்ளித் திரும்ப எழும்புங்கள்.

டென்மார்க்கில் 942 உதைபந்தாட்டக்காரர்களை வைத்து 2011இல் வெளியான ஆய்வில் இதைச் செய்த அணிகளில் புதிய காயங்கள் பாதிக்கும் மேலாகக் குறைந்தன. ஏற்கெனவே காயம் பட்டவர்களிடம் திரும்ப வருவது அதைவிடவும் குறைந்தது. அவர்கள் செய்த அளவு: முதல் கிழமை ஒரே நாள், 5 தடவை, 2 சுற்று. இரண்டாம் கிழமை இரண்டு நாள், 6 தடவை, 2 சுற்று. மூன்றாம் கிழமையிலிருந்து மூன்று நாள், 3 சுற்று, 6 முதல் 8 தடவை. அங்கிருந்து ஐந்தாம் கிழமையளவில் மூன்று சுற்றிலும் முறையே 12, 10, 8 தடவை என்று ஏறி பத்தாம் கிழமைவரை. பிறகு கிழமைக்கு ஒரு நாள் போதும். முதல் நாளே பத்துத் தடவை செய்தால் இரண்டு நாள் படி இறங்க முடியாது, அதன்பிறகு யாரும் திரும்பச் செய்வதும் இல்லை. பெண் பிள்ளைகளும் இதே அளவில் செய்யலாம்.

இதோடு, கிழமைக்கு ஓரிரு தடவையாவது முழு வேகத்துக்குக் கிட்ட ஓடிக்கொண்டிருங்கள். மூன்று மாதம் வேகமே ஓடாமல் இருந்துவிட்டுப் போட்டியன்று மட்டும் பறக்கும் கால்தான் கிழிகிறது. ஜனவரியில் எனக்கு அழைப்பு கூடுவதன் காரணமும் இதுவே: டிசம்பர் விடுமுறை முழுக்க வீட்டில், பாடசாலை தொடங்கி இரண்டாம் கிழமை தெரிவு ஓட்டம்.

கொழும்பில் யாரிடம் போகலாம்?

தேசிய வைத்தியசாலை உட்பட அரச வைத்தியசாலைகளில் இயன்மருத்துவப் பிரிவு இருக்கிறது, கட்டணம் இல்லை. விளையாட்டுத்துறை அமைச்சின் கீழ் விளையாட்டு மருத்துவ நிறுவகம் கொழும்பு 7இல் இயங்குகிறது. தனியாரிடம் போவதென்றால் இலங்கை மருத்துவப் பேரவையில் பதிவு பெற்றவரா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். முதல் நாளில் அவர் உங்களை நிற்க, குனிய, நடக்க வைத்துப் பார்க்க வேண்டும். காலைத் தொடாமலே மெஷினில் படுக்கவைத்து இருபது நிமிடத்தில் அனுப்பினால், அடுத்த தடவை வேறிடம் பாருங்கள்.

எல்லாச் சோதனையும் சரி, ஆனால் முழு வேகத்தில் ஓடப் பயமாக இருக்கிறது.

எல்லோருக்கும் இருக்கும். காயம் பட்ட அதே இடத்துக்குப் போங்கள், சுகததாச மைதானத்து வளைவென்றால் அதே வளைவுக்கு. முதல் நாள் அதில் நடவுங்கள். அடுத்த நாள் 70 சதவீதத்தில். அப்புறம் 90. நேரம் எடுக்க வேண்டாம், யாரையும் பக்கத்தில் ஓடவிட வேண்டாம். முழு வேக ஓட்டத்தை முடிக்கும் இடத்துக்கு அப்பால் 30 மீற்றர் தள்ளி ஓர் அடையாளம் வைத்து, அதுவரை ஓடி மெதுவாக இறக்குங்கள். மூன்று நாள் இப்படி ஓடி, மூன்று நாளும் காலையில் எழும்பும்போது தொடை சாதாரணமாக இருந்தால், நாலாம் நாள் பயிற்றுவிப்பாளரிடம் ஸ்டொப்வொட்ச்சைக் கொடுங்கள்.